நேத்து சர்வரில் யார் என்ன கமாண்ட் போட்டது? (லினக்ஸ் கேள்வி பதில்)

கீழக்கரை, கல்லூரி லேப்: காக்கா, பசங்க எல்லாருக்கும் ஒரே சர்வர். மதியம் யாரோ புராஜெக்ட் ஃபோல்டரை அழிச்சுட்டாங்க. ஹிஸ்டரியில் (அடித்த கமாண்டுகளின் பட்டியல்) பார்த்தா எல்லாருமே நல்ல பிள்ளைங்க!

ஹிஸ்டரியை வைத்துப் பஞ்சாயத்துப் பண்ணாதீங்க தம்பி. அது அவரவர் ஹோம் ஃபோல்டரில் கிடக்கும் சாதாரண ஃபைல், அவரவரே திருத்தலாம். உபுண்டுவில் கமாண்டுக்கு முன்னால் ஒரு ஸ்பேஸ் விட்டாலே பாஷ் (கமாண்டை வாங்கி ஓட்டும் ஷெல்) அதைக் குறித்துக்கொள்ளாது. பசங்களுக்கு இது முதல் வாரமே தெரிந்துவிடும்.

இப்போதைக்கு ஒரு வழி. அழிந்த ஃபோல்டர் எதற்குள் இருந்ததோ, அந்த மேல் ஃபோல்டரின் மாற்ற நேரத்தைப் பாருங்க. அதன்பிறகு அங்கே யாரும் கை வைக்கவில்லை என்றால், அழித்த நேரம் அதுதான். 2:12 என்று வந்தால், 'லாஸ்ட்' கமாண்டில் அப்போது யார் யார் லாகினில் இருந்தார்கள் என்று பாருங்க. அவர்களில் அந்த மேல் ஃபோல்டரில் எழுத அனுமதி உள்ளவர்களை முதலில் விசாரியுங்க.

இனிமேலுக்கு, யார் எதை ஓட்டினார் என்று கணக்கு வைக்கும் 'ஆக்ட்' பேக்கேஜைப் போடுங்க. ரெட்ஹேட் பக்கம் அதன் பெயர் 'பிஎஸ்ஆக்ட்'. பிறகு 'லாஸ்ட்காம்' அடித்தால் கமாண்ட், யூசர், டெர்மினல், சிபியு நேரம், தொடங்கிய நேரம் எல்லாம் வரிசையாக வரும். எழுதுவது கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) என்பதால் ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள அக்கவுன்ட்) இல்லாதவர் அழிக்க முடியாது. போட்ட நாளுக்கு முந்தையது மட்டும் கிடைக்காது.

பாம்பன், மீன் கம்பெனி: பாய், லாஸ்ட்காமில் 'ஆர்எம்' (அழிக்கும் கமாண்ட்) என்று மட்டும் வருது. எந்த ஃபைல் என்று வரலையே?

வராது. அடித்த வரியில் கமாண்டின் பெயரை மட்டும்தான் அது வைத்துக்கொள்ளும், அதுவும் நீளமாக இருந்தால் நறுக்கிவிடும். முழு வரியும் வேண்டுமென்றால் 'ஆடிட்டி' என்ற கண்காணிப்பு புரோகிராமில் 'எக்ஸிக்வி'க்கு (புரோகிராமை ஓட்டச் சொல்லி கெர்னலுக்குப் போகும் அழைப்பு) ரூல் எழுதணும். டிஸ்க் சீக்கிரம் நிறையும், லாக் ரொட்டேஷனை (பழைய பதிவுகளைக் கழித்துவிடும் ஏற்பாடு) முதலிலேயே சரிபண்ணிடுங்க.

மண்டபம்: கரண்ட் போனபோது ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் லாஸ்ட்காம் கணக்கிலேயே இல்லையே அண்ணே?

புரோகிராம் முடியும்போதுதான் பதிவு விழும். நடுவில் கரண்ட் போனால் அதற்கு வரியே கிடையாது.

தொண்டி: எங்க ஆபீசில் எல்லாரிடமும் ரூட் பாஸ்வேர்ட் இருக்கு சார்.

அப்போ லாஸ்ட்காமும் 'ரூட்' என்றுதான் சொல்லும். இன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றி, ஆளுக்கொரு அக்கவுன்ட், 'சூடோ' (தன் அக்கவுன்டிலிருந்தே ரூட்டாக ஓட்டும் கமாண்ட்) கொடுங்க. யார் எதை ரூட்டாக ஓட்டினார் என்று ஆத் லாகில் (லாகின், அனுமதிப் பதிவு ஃபைல்) பெயரோடு விழும். ஆனால் 'சூடோ' போட்டு ரூட் ஷெல்லுக்குள் போய்விட்டால் உள்ளே அடிப்பது அதில் வராது, அதையும் தடுத்துவையுங்க.

ராமேஸ்வரம்: ஹிஸ்டரியில் தேதி வர வைக்க முடியுமா?

பாஷில் 'ஹிஸ்ட்டைம்ஃபார்மேட்' என்ற செட்டிங்கை செட் பண்ணுங்க. அதற்கு முந்தைய பழைய வரிகளுக்கெல்லாம் ஒரே நேரம் காட்டும், அதை நம்பாதீங்க.