வாசகர் கேள்வி – பதில்: ஆட்டோமேட்டிக் காரில் ‘எஸ்’ எப்போது?

கேள்வி: இருபது ஆண்டுகள் மேனுவல் கியர் கார் ஓட்டிய பிறகு, ஆறு மாதங்களுக்கு முன்புதான் ஆட்டோமேட்டிக் காருக்கு மாறினேன். கியர் லீவரில், சாதாரணமாக ஓட்டும் ‘டி’ நிலைக்குக் கீழே ‘எஸ்’ என்று ஓர் எழுத்து இருக்கிறது. அதைத் தொட்டாலே பெட்ரோல் தண்ணீராய்ச் செலவாகும் என்கிறார் என் கணவர். எப்போதும் அதில் ஓட்டினால்தான் வண்டிக்குப் பிக்கப் இருக்கும் என்கிறான் மகன். நான் இதுவரை அதைப் பயன்படுத்தியதே இல்லை. உண்மையில் எப்போது அதற்கு மாற வேண்டும்?

பதில்: ‘எஸ்’ என்பது ஸ்போர்ட் மோடைக் குறிக்கும் எழுத்து. பெயரைப் பார்த்து, வேகமாக ஓட்ட விரும்புகிறவர்களுக்கு மட்டுமே உரிய ஏற்பாடு என்று பலர் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் என் அனுபவத்தில், உங்களைப் போல் நிதானமாக ஓட்டுகிறவர்களுக்கே அது அதிகம் பயன்படுகிறது.

மேனுவல் காரில் ஒரு லாரியை முந்துவதற்கு முன் என்ன செய்திருப்பீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். யாரும் சொல்லாமலேயே உங்கள் கை ஐந்தாம் கியரிலிருந்து மூன்றுக்கோ நான்குக்கோ இறங்கியிருக்கும். எதிரே சாலை காலியாவது உங்கள் கண்ணுக்குத் தெரிந்ததால் கை முன்கூட்டியே தயாரானது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு அந்தக் கண் இல்லை. வண்டியின் வேகமும், எஞ்சினின் சுழற்சியும், ஆக்ஸிலரேட்டரை உங்கள் கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதும் அதற்குத் தெரியும். அடுத்த பத்து விநாடியில் நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பது தெரியாது. அதை முன்கூட்டியே சொல்வதற்கான வழிதான் ‘எஸ்’.

‘டி’யில் கியர்பாக்ஸ் எரிபொருளை மிச்சப்படுத்தும் நோக்கத்தோடு இயங்குகிறது, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் மேல் கியருக்குச் சென்று, எஞ்சினைக் குறைந்த சுழற்சியில் வைத்திருக்கப் பார்க்கும். ‘எஸ்’ஸில் அதே கியர்பாக்ஸ் கீழ் கியரில் அதிக நேரம் நிற்கும், காலை எடுத்த பின்னும் உடனே மேலே போகாது, சற்று அழுத்தினாலே கீழே இறங்கும். பல கார்களில் ஆக்ஸிலரேட்டரின் தன்மையும் மாறுகிறது. இன்றைய கார்களில் பெடலுக்கும் எஞ்சினுக்கும் இடையே நேரடிக் கம்பி கிடையாது. பெடலின் அசைவைக் கணினி படித்து, காற்று எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்று தீர்மானிக்கிறது. ஸ்போர்ட் மோடில் அதே அளவு மிதிக்குக் கூடுதலான திறப்பு கிடைக்கும். பெடலை முழுவதும் அழுத்தினால் பெரும்பாலான கார்களில் இரண்டு நிலைகளிலும் எஞ்சின் தரும் சக்தி ஒன்றுதான். ஆகவே ‘எஸ்’ புதிதாகக் குதிரைத் திறன் எதையும் சேர்ப்பதில்லை. இருக்கும் திறனைக் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்திருக்கிறது.

இது ஏன் முக்கியம் என்பதை இருவழிச் சாலையில் முந்தும்போது உணரலாம். ‘டி’யில் லாரியின் பின்னால் மெதுவாக வந்துகொண்டிருக்கிறீர்கள், எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்று காட்டும் டாக்கோமீட்டரின் முள் 1,500-ஐ ஒட்டி நிற்கிறது. வழி கிடைத்ததும் பெடலை அழுத்துகிறீர்கள். ஒரு கணம் எதுவுமே நடப்பதில்லை. கியர்பாக்ஸ் யோசித்து, இரண்டு கியர் இறங்கி, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ இருந்தால் அதுவும் வேகமெடுத்த பிறகு, திடீரென எஞ்சின் இரைந்து வண்டி பாய்கிறது. அந்த ஒரு விநாடியை அற்பமாக நினைக்க வேண்டாம். 80 கி.மீ. வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் போகிறது. எதிரே வருகிற வண்டியும் அதே வேகத்தில் வந்தால், இரண்டுக்கும் இடையே 44 மீட்டர் குறைந்துவிடுகிறது.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். 12 மீட்டர் நீளமுள்ள லாரி 60 கி.மீ. வேகத்தில் போகிறது. அதன் பின்னே 20 மீட்டர் இடைவெளியிலிருந்து கிளம்பி, முன்னே 20 மீட்டர் இடைவெளி விட்டு மீண்டும் நம் பக்கம் சேர, காரின் நீளத்தையும் கூட்டினால் லாரியைவிட 56 மீட்டர் அதிகமாகக் கடக்க வேண்டும். சராசரியாக 80 கி.மீ. வேகத்தில் முந்தினால் அதற்குப் பத்து விநாடி ஆகும். சராசரி 90 ஆக இருந்தால் ஏழு விநாடிக்குள் முடியும். எதிரே 80 கி.மீ. வேகத்தில் ஒரு வண்டி வருவதாகக் கொண்டால், முதல் முறைக்குச் சுமார் 440 மீட்டர் காலிச் சாலை தேவை, இரண்டாவதற்குச் சுமார் 320 மீட்டர் போதும். எதிர்ப் பக்கத்தில் நாம் இருக்கும் ஒவ்வொரு விநாடியும் ஆபத்தான விநாடிதான் என்பதால், அதைக் குறைக்கும் எதையும் நான் ஆடம்பரமாகக் கருதமாட்டேன்.

செய்ய வேண்டியது இதுதான். சாலை தெளிவாகத் தெரியப் போகிறது என்று தோன்றும்போதே, இன்னும் லாரியின் பின்னால் உங்கள் பக்கத்தில் இருக்கும்போதே, ‘எஸ்’ஸுக்கு மாறிவிடுங்கள். முள் 2,500-க்கோ 3,000-க்கோ ஏறும். கியர் இறங்கி முடிந்திருக்கும். பிறகு பார்த்து, உறுதி செய்துகொண்டு வெளியே வந்தால் மிதித்த உடனே வண்டி கிளம்பும். முந்தி முடித்துத் திரும்பியதும் ‘டி’க்கு வந்துவிடுங்கள். வெளியே வந்த பிறகு அவசரமாக லீவரைத் தேடுவது தவறு. கண் சாலையில்தான் இருக்க வேண்டும். ஓடும்போதே ‘டி’க்கும் ‘எஸ்’ஸுக்கும் இடையே மாற்றுவதற்குப் பெரும்பாலான கார்களில் பிரேக்கை மிதிக்கவோ வண்டியை நிறுத்தவோ தேவையில்லை, உங்கள் காருக்கு எப்படி என்பதைக் கையேட்டில் ஒருமுறை பார்த்துவிட்டு, காலியான சாலையில் நான்கைந்து தடவை பழகிக்கொள்ளுங்கள்.

நெடுஞ்சாலையில் இணைப்புப் பாதையிலிருந்து வேகமான வண்டிகளுக்கு நடுவே நுழையும்போதும் இதே முறைதான். தொடர்ந்து வளைவும் ஏற்றமுமாக உள்ள மலைப்பாதையில் ‘எஸ்’ வேறு விதமாக உதவுகிறது. அங்கே ‘டி’யில் விட்டால், வளைவில் காலை எடுத்ததும் கியர்பாக்ஸ் மேலே போகும், வளைவு முடிந்து மிதித்ததும் சக்தி போதாமல் கீழே இறங்கும், அடுத்த வளைவில் மறுபடியும் மேலே. பின் இருக்கையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களின் தலை ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் அசைவதைக் கண்ணாடியில் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ‘எஸ்’ஸில் போட்டால் ஒரே கியரில் நின்று சீராக ஏறும். எஞ்சின் சத்தம் கூடுதலாகத்தான் இருக்கும், ஆனால் தலைசுற்றல் குறையும்.

இனி உங்கள் வீட்டு விவாதத்துக்கு வருகிறேன். உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது: அதே வேகத்தில் எஞ்சின் கூடுதலாகச் சுழன்றால் உள்ளுராய்வு கூடும், பெட்ரோல் எஞ்சினில் காற்றை இழுக்கும் வேலையிலும் சக்தி வீணாகும், மைலேஜ் குறையும். ஆனால் முந்துவதற்காக அரை நிமிடம் ‘எஸ்’ஸில் ஓடுவதால் பெட்ரோல் கணக்கில் தெரியும்படியான மாற்றம் எதுவும் வராது. உங்கள் மகன் சொல்வதுபோல் எப்போதும் அதிலேயே ஓட்டுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. நெரிசலில் நின்று நின்று போகும்போது, சற்றே பட்டாலும் பாயும் பெடல் ஓட்டுநரையும் களைக்க வைக்கும், உடன் வருகிறவர்களையும் குலுக்கும். காலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிடங்களில் எஞ்சின் ஆயில் இன்னும் கெட்டியாகத்தான் இருக்கும்; அப்போது அதிகச் சுழற்சியில் ஓட்டக் கூடாது. புதிய வண்டியின் பழக்கக் காலத்துக்குக் கையேடு சொல்லும் சுழற்சி வரம்பையும் ‘எஸ்’ எளிதாகத் தாண்டிவிடும்.

கேள்வி: மலையிலிருந்து இறங்கும்போது பிரேக்கிலிருந்து கருகிய வாடை வந்தது. அடுத்த முறை ‘எஸ்’ஸில் போட்டு இறங்கினால் போதுமா? எஞ்சின் அவ்வளவு சத்தம் போட்டால் பெட்ரோலும் அவ்வளவு செலவாகாதா?

பதில்: அந்த வாடையை எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டது நல்லது. 500 மீட்டர் உயரம் இறங்கும் கார் இழக்க வேண்டிய ஆற்றல், 100 கி.மீ. வேகத்தில் ஓடும் அதே காரைப் பன்னிரண்டு முறைக்கு மேல் முழுமையாக நிறுத்துவதற்குத் தேவையான ஆற்றலுக்குச் சமம். காற்றும் டயர்களும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி அனைத்தையும் பிரேக்கின் மீது சுமத்தினால், அது வெப்பமாக மாறிப் பிரேக் பேடிலும் டிஸ்கிலும் சேரும். அந்தச் சூடு, பெடலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் பிரேக் ஆயிலுக்கும் பரவும். இந்த ஆயில் காலப்போக்கில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஈரம் சேர்ந்த நிலைக்கு அதே விதி வைத்திருக்கும் வரம்பு 155 டிகிரிதான். ஆயில் கொதித்து ஆவிக் குமிழ்கள் உருவானால், பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது.

‘எஸ்’ கீழ் கியரைப் பிடித்து வைப்பதால் எஞ்சின் பிரேக்கிங், அதாவது எஞ்சினே வண்டியின் வேகத்தைப் பிடித்து இழுப்பது, கிடைக்கும் என்பது உண்மைதான், மிதமான சரிவுக்கு அது போதும். நீண்ட, செங்குத்தான இறக்கத்துக்கு நான் அதை மட்டும் நம்பமாட்டேன். ஏனெனில் எந்தக் கியரில் நிற்பது என்பதை அங்கேயும் கணினியே தீர்மானிக்கிறது. பிளஸ், மைனஸ் குறியுள்ள மேனுவல் நிலையோ, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் பேடில்களோ, ‘எல்’ அல்லது ‘2’ என்ற நிலையோ உங்கள் காரில் இருந்தால், இறக்கம் தொடங்குவதற்கு முன்பே இரண்டாம் அல்லது மூன்றாம் கியரைத் தேர்ந்துகொள்ளுங்கள். பிரேக்கைத் தொடாமலேயே வேகம் கூடாமல் இறங்கினால் கியர் சரியானது. வேகம் கூடிக்கொண்டே போனால் பிரேக்கை உறுதியாக மிதித்து வேகத்தைக் குறைத்து, இன்னும் ஒரு கியர் இறக்கி, காலை எடுத்துவிடுங்கள். லேசாக மிதித்தபடியே இறங்குவதுதான் பிரேக்கைச் சூடாக்குகிறது.

பெட்ரோலைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து முழுவதும் காலை எடுத்து, கியரிலேயே வண்டி இறங்கும்போது, இன்றைய எஞ்சின்கள் இன்ஜெக்டரை மூடி எரிபொருளை அடியோடு நிறுத்திவிடுகின்றன. சக்கரங்கள்தான் எஞ்சினைச் சுற்றுகின்றன. நீங்கள் கேட்ட சத்தம் அதுதான். மிச்சம் பிடிப்பதாக எண்ணி நியூட்ரலில் இறங்குகிறவர்கள், ஐடிலிங்குக்கு எரிபொருளைச் செலவிட்டுக்கொண்டே எஞ்சின் பிரேக்கிங்கையும் இழக்கிறார்கள். ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: எஞ்சின் பிரேக்கிங்கில் வேகம் குறையும்போது பின்னால் சிவப்பு விளக்கு எரியாது. பின்னே வண்டி நெருங்கி வந்தால் பிரேக் பெடலை லேசாக ஒருமுறை தொட்டுக் காட்டுங்கள்.

கேள்வி: என் காரில் லீவரில் ‘எஸ்’ உண்டு, டேஷ்போர்டில் ‘ஸ்போர்ட்’ என்று தனியாக ஒரு பட்டனும் உண்டு. இரண்டும் ஒன்றா?

பதில்: பொதுவாக ஒன்றல்ல. இரண்டும் உள்ள கார்களில் லீவரின் ‘எஸ்’ பெரும்பாலும் கியர்பாக்ஸோடு நின்றுவிடும். பட்டன் அதையும் சேர்த்து ஆக்ஸிலரேட்டரின் கூர்மை, ஸ்டீயரிங்கின் கனம், வசதி இருந்தால் சஸ்பென்ஷனின் இறுக்கம் ஆகியவற்றையும் மாற்றும். சில கார்களில் சறுக்கலைத் தடுக்கும் மின்னணுக் காவல்கூடச் சற்றுத் தளர்த்தப்படுகிறது. இதைக் கையேட்டில் கட்டாயம் பாருங்கள். முந்துவதற்கு லீவரே போதும். மேடு பள்ளமான சாலையில் சஸ்பென்ஷனை இறுக்கினால் சொகுசு போவதோடு டயரின் பிடிமானமும் குறையக்கூடும்.

கேள்வி: மழையில் ‘எஸ்’ பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். ஈரச் சாலையில் டயர் தாங்கக்கூடிய இழுவிசை குறைவு. ‘எஸ்’ஸிலோ காலின் சிறு அசைவுக்கும் சக்கரத்துக்குப் பெரிய விசை போகிறது, காலை எடுத்தாலும் எஞ்சின் சட்டென்று பிடித்து இழுக்கிறது. இரண்டுமே வழுக்கலுக்கு இடம் கொடுக்கும். ‘டி’யில் மென்மையாக ஓட்டுங்கள்.

கேள்வி: என்னுடையது ஏஎம்டி கார், நண்பருடையது சிவிடி. ‘எஸ்’ எங்கள் கியர்பாக்ஸைத் தேய்த்துவிடுமா?

பதில்: கணினி கண்காணிக்கும் வரம்புக்குள்தான் எல்லாம் நடக்கிறது, எஞ்சின் சுழற்சி அதன் உச்ச வரம்பான சிவப்புக் கோட்டைத் தாண்டும்படியான கியருக்கு அது இறங்கவே மறுத்துவிடும். ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சையும் கியரையும் இயக்கும் வேலையை உங்களுக்குப் பதிலாக ஒரு கருவி செய்கிறது. கியர் மாறும் இடைவெளியில் சக்தி சக்கரத்துக்குப் போகாது என்பதால், முந்தும்போது நடுவில் வரும் அந்தத் தொய்வு சங்கடமானது. ‘எஸ்’ஸில் முன்கூட்டியே கீழ் கியருக்கு வந்துவிட்டால் அந்தத் தொய்வு பாதுகாப்பான இடத்திலேயே முடிந்துவிடும், ஆகையால் ஏஎம்டி ஓட்டுகிறவர்களுக்கு இதை நான் இன்னும் அழுத்திச் சொல்வேன். கிளட்ச்சைத் தேய்ப்பது வேறொரு பழக்கம்: ஏற்றத்தில் நிற்கும்போது வண்டி பின்னால் போகாமல் ஆக்ஸிலரேட்டரை மிதித்தே தாங்கிப் பிடிப்பது. அங்கே பிரேக்கைப் பயன்படுத்துங்கள்.

சிவிடியில் ஒன்று, இரண்டு என்று படிப்படியான கியர்கள் கிடையாது. அகலம் மாறும் இரண்டு புல்லிகளுக்கு இடையே உலோகப் பட்டை ஓடுகிறது. ‘எஸ்’ அங்கே எஞ்சின் சுழற்சியை உயர்த்திப் பிடித்து வைக்கிறது. சத்தம் முதலில் ஏறி, வேகம் பிறகு வருவது அந்த அமைப்பின் இயல்பு, பழுது என்று நண்பர் பயப்பட வேண்டாம்.

கேள்வி: ‘ஸ்போர்ட்’ பட்டனை அழுத்தியபடியே காரை அணைத்துவிட்டேன். மறுநாள் அது அப்படியே இருக்குமா?

பதில்: பல கார்கள் அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது சாதாரண நிலைக்குத் தாமாகவே திரும்பிவிடும், சில கார்கள் கடைசியாக வைத்த நிலையை நினைவில் வைத்திருக்கும். நெருக்கமான இடத்தில் நிறுத்திய வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது, பழக்கமில்லாத கூர்மையோடு பெடல் இருந்தால் பின்னால் இடித்துவிட நேரும். வீட்டில் ஒரே காரை இரண்டு மூன்று பேர் ஓட்டுவதாக இருந்தால், பிரேக்கிலிருந்து காலை எடுப்பதற்கு முன் மீட்டரில் எந்த மோடின் பெயர் எரிகிறது என்பதை ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ள வேண்டும்.