‘நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்டால் எழுதித் தரலாமா?

கேள்வி: சேலம் என் ஊர். பெங்களூர் எச்எஸ்ஆர் லேஅவுட்டில் ஒரு போர்டு கேம் ஸ்டூடியோவில் 3 ஆண்டு 8 மாதமாக வேலை பார்க்கிறேன். கார்டு, போர்டு, விதிப் புத்தகம் எல்லாவற்றுக்கும் லேஅவுட் போட்டு, அச்சுக்கு ஃபைல் தயார் செய்து கொடுப்பது என் வேலை. மாதம் 52,000 ரூபாய். ‘கன்சல்டன்ட்’ என்ற பெயரில் ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். இப்போதைய ஒப்பந்தம் முடிய இன்னும் 4 மாதம் இருக்கிறது. அமெரிக்க ஆர்டர் குறைந்துவிட்டது என்று என்னையும் இன்னும் மூன்று பேரையும் போகச் சொல்கிறார்கள். நாங்களே ராஜினாமா கொடுத்தால் ஒரு மாதப் பணமும் நல்ல அனுபவச் சான்றிதழும் தருவார்களாம். கொடுக்காவிட்டால் ஒன்றும் கிடையாதாம். வார இறுதிகளில் நானே உருவாக்கிய ஒரு கார்டு கேமும் கம்பெனிக்குத்தான் சொந்தம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில், ராஜினாமா எழுதிக் கொடுக்காதீர்கள். அவர்கள் நீட்டும் எந்தப் படிவத்திலும் கையெழுத்தும் போடாதீர்கள். ‘நான் வேலையை விட விரும்பவில்லை. நிர்வாகம் என்னை நீக்குவதாக இருந்தால் அதற்கான காரணத்தோடு எழுத்தில் தெரிவிக்கவும்’ என்று இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். இரண்டு வரி போதும். கோபமோ குற்றச்சாட்டோ அதில் வேண்டாம். நீங்களாக விலகினால் சட்டத்தின் கண்ணில் அது ஆட்குறைப்பே ஆகாது. கீழே நான் எழுதப்போகும் உரிமைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு கையெழுத்தோடு போய்விடும். அவர்கள் அதைக் கேட்பதும் அதனால்தான்.

ஆர்டர் குறைந்தது பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. உலகம் முழுக்க விற்கும் போர்டு கேம்களில் பெரும்பகுதி சீனாவில் அச்சாகிறது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா சீனப் பொருட்களுக்கு 145 சதவீதம் வரை வரி போட்டபோது, கப்பலில் ஏற்ற வேண்டிய பெட்டிகளை என்ன செய்வதென்று தெரியாமல் பல பதிப்பகங்கள் திணறின. ‘ஸ்பிரிட் ஐலண்ட்’ விளையாட்டை வெளியிட்ட கிரேட்டர் தேன் கேம்ஸ் அந்த மாதமே தன் ஊழியர்களில் பெரும்பாலோரை அனுப்பிவிட்டது. அதற்கு முன்பே, 2023 டிசம்பரில், பொம்மை, விளையாட்டு நிறுவனமான ஹாஸ்ப்ரோ 1,100 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ தயாரிக்கும் அதன் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் பிரிவிலும் ஆட்கள் போனார்கள். அந்த அலை எச்எஸ்ஆர் லேஅவுட் வரை வந்திருக்கலாம். ஆனால் வியாபார நெருக்கடி உண்மையாகவே இருந்தாலும் அது ஆளைக் குறைப்பதற்கான காரணம் மட்டும்தான். கொடுக்க வேண்டிய பணத்தைக் கொடுக்காமல் விட அது காரணம் ஆகாது.

இனி உங்கள் வழக்கின் மையத்துக்கு வருகிறேன். ‘நீங்கள் கன்சல்டன்ட், உங்களுக்கு எந்தச் சட்டமும் பொருந்தாது’ என்று எச்ஆர் சொல்லியிருப்பார். பேஸ்லிப் இல்லை, தொழில்முறைக் கட்டணம் என்று 10 சதவீத டிடிஎஸ் (வருமான வரிப் பிடித்தம்) பிடிக்கிறார்கள் என்பதையெல்லாம் காட்டுவார். நீதிமன்றம் காகிதத்தில் உள்ள பெயரோடு நின்றுவிடாது, வேலை நடக்கும் விதத்தைப் பார்க்கும். 1973இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கு இதற்கு நல்ல முன்னுதாரணம். அந்தக் கடையின் தையல்காரர்களுக்கு உருப்படிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. சிலர் துணியை வீட்டுக்கே கொண்டுபோய்த் தைத்தார்கள். ‘இவர்கள் எங்கள் ஊழியர்களே இல்லை’ என்றது கடை. தையல் இயந்திரம் யாருடையது, எப்படித் தைக்க வேண்டும் என்று சொல்பவர் யார், சரியில்லை என்றால் பிரித்து மறுபடி தைக்கச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்று நீதிமன்றம் பார்த்தது. எல்லாவற்றுக்கும் விடை கடைதான். தையல்காரர்கள் ஊழியர்களே என்று தீர்ப்பானது.

அதே கேள்விகளை உங்கள் வேலையிடம் கேளுங்கள். லேப்டாப் யாருடையது? காலை 10 மணிக்கு வர வேண்டும் என்று சொன்னது யார்? விடுப்புக்கு யாரிடம் அனுமதி கேட்டீர்கள்? வேறு பதிப்பகத்துக்கு வேலை செய்ய அனுமதி இருந்ததா? நிறம் மாற்று, எழுத்தைப் பெரிதாக்கு, திரும்பப் போடு என்று சொன்னது யார்? நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்களை ஊழியர் என்று நிறுவ வலுவான அடிப்படை இருக்கிறது.

ஆனால் ஒரு எதிர்வாதத்துக்கு இப்போதே தயாராகுங்கள். ஊழியர் என்று நிறுவினால் மட்டும் போதாது. ஆட்குறைப்பு இழப்பீடு பெற, தொழில் உறவுச் சட்டம் சொல்லும் ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் வர வேண்டும். உடலுழைப்பு, திறன்சார், தொழில்நுட்ப, எழுத்தர் வேலைகள் அதில் வரும். நிர்வாகப் பதவி வராது. மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளரும் வரமாட்டார். உங்களுக்குக் கீழே யாரும் இல்லையென்றால் அந்தத் தடை இல்லை. கம்பெனி வக்கீல் எடுக்கப்போவது வேறொன்று. 1991இல் ஒரு புகையிலை நிறுவனத்தின் விற்பனை ஊழியர் வழக்கில், கற்பனையும் படைப்புத் திறனும் தேவைப்படும் வேலையைச் செய்பவர் தொழிலாளி ஆகமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ‘இவர் ஒரு கலைஞர், டிசைனர்’ என்று உங்களைப் புகழ்ந்தே வழக்கைத் தோற்கடிக்கப் பார்ப்பார்கள். ஆகவே மனுவில் உங்கள் அன்றாட வேலையை அப்படியே எழுதுங்கள்: ப்ளீட் (வெட்டுக்கான ஓர இடம்) விட்டது, நிறத்தை அச்சுக்கான சிஎம்ஒய்கே முறைக்கு மாற்றியது, நூற்றுக்கணக்கான கார்டுகளில் எழுத்துப்பிழை பார்த்தது, அட்டையை வெட்ட வேண்டிய டை-கட் கோடு வரைந்தது, அச்சகம் அனுப்பிய ப்ரூஃபைச் சரிபார்த்தது. இவை தொழில்நுட்ப வேலைகள். ‘கிரியேட்டிவ் லீட்’ போன்ற அலங்காரப் பட்டம் லிங்க்ட்இனில் இருந்தால், அது உங்கள் கம்பெனி கொடுத்ததா என்று ஒருமுறை பாருங்கள். நீங்களாகப் போட்டுக்கொண்டதாக இருந்தால் உண்மையான பதவிப் பெயரை வையுங்கள்.

சரி, தொகை எவ்வளவு வரும்? 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டன. மேலே சொன்ன தொழில் உறவுச் சட்டம் அவற்றில் ஒன்று. ஓராண்டு தொடர் சேவை முடித்த தொழிலாளியைக் குறைத்தால் ஒரு மாத முன்னறிவிப்பு தர வேண்டும், அல்லது அந்த மாதச் சம்பளம் தர வேண்டும். அதோடு ஒவ்வோர் ஆண்டு சேவைக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடு. ஆறு மாதத்தைத் தாண்டிய மீதிக் காலம் ஓர் ஆண்டாகக் கணக்கிடப்படும். அதனால் உங்கள் 3 ஆண்டு 8 மாதம் 4 ஆண்டு ஆகிறது. 15 நாள் என்பது 26,000 ரூபாய். நான்கு ஆண்டுக்கு 1,04,000. முன்னறிவிப்புச் சம்பளம் 52,000. மொத்தம் 1,56,000. அவர்கள் காட்டுவது 52,000. பேஸ்லிப்பில் வீட்டு வாடகைப் படியும் பயணப் படியும் தனியாக இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு குறையலாம். ஆனால் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியமாகவே எடுத்துக்கொள்ளப்படும். உங்களுக்கு ஒரே தொகையாகத் தருவதால் முழுத் தொகையிலேயே கேளுங்கள்.

இதற்கு வெளியே இன்னும் இரண்டு உண்டு. ஆட்குறைப்பு செய்யும் முதலாளி, மறுதிறன் நிதிக்கு அந்தத் தொழிலாளியின் கடைசி ஊதியத்தில் 15 நாள் தொகையைச் செலுத்த வேண்டும். அது 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்குக்கு வர வேண்டும். உங்களுக்கு அது 26,000. அடுத்தது பணிக்கொடை (கிராஜுவிட்டி). குறிப்பிட்ட கால ஒப்பந்த ஊழியருக்கு இனி ஐந்தாண்டு காத்திருப்பு இல்லை, ஓராண்டு போதும். ஸ்டூடியோவில் 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் இதையும் மனுவில் சேருங்கள். 2025 நவம்பருக்கு முந்தைய சேவை சேருமா என்று வாதம் வரும். வரட்டும், கேட்காததை யாரும் தரப்போவதில்லை.

பாக்கிச் சம்பளத்துக்குத் தனி விதி. வேலை முடிந்த இரண்டு வேலை நாட்களுக்குள் அதைக் கொடுத்துவிட வேண்டும். ‘ஃபுல் அண்ட் ஃபைனல் 45 நாளில்’ என்ற பழைய எச்ஆர் வழக்கம் இனி செல்லாது. பணம் வாங்கும்போது ‘இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்’ என்ற ரசீதை நீட்டுவார்கள். வீட்டு வாடகைக்குப் பணம் அவசியம் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் ‘ஆட்சேபத்துடன் பெற்றுக்கொண்டேன்’ என்று உங்கள் கையால் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், அல்லது வங்கியில் போடச் சொல்லுங்கள்.

அவர்கள் இன்னொரு வழியிலும் போகலாம். ‘சரி, 4 மாதம் இருங்கள், ஒப்பந்தம் தானாக முடியட்டும்’ என்பார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்து புதுப்பிக்காமல் விட்டால் அது ஆட்குறைப்பு ஆகாது என்று சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. நிரந்தரமான வேலைக்குத் தற்காலிக ஒப்பந்தங்களை ஆண்டுக்கணக்கில் அடுக்குவதை முறையற்ற தொழில் நடவடிக்கை என்றும் அதே சட்டம் சொல்வதால் அப்போதும் வழி இருக்கிறது, ஆனால் வழக்கு கடினமாகும். அப்படிச் சொன்னால் 4 மாதச் சம்பளம் 2,08,000 கையில் வருவதையும் மறக்காதீர்கள். என் கருத்தில் அது அவர்கள் இப்போது காட்டும் தொகையைவிட உங்களுக்கு எவ்வளவோ மேல்.

தொழிலாளி என்ற வரையறையில் தோற்றாலும் எல்லாம் போய்விடாது. கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டப்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இல்லாமல் நீக்க முடியாது. நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணிக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டை ஊதியம் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையதளத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்டும் பிரசாரம் தொடங்கும் முன் இரவு 11 மணி வரை உட்கார வைப்பது இந்தத் துறையில் சாதாரணமாகிவிட்டது. அந்த நாட்களின் சாட் செய்திகள் இருந்தால் எடுத்து வையுங்கள்.

எடுத்து வைப்பதில் ஒரு எச்சரிக்கை. ஒப்பந்தங்கள், வங்கிக் கணக்கில் பணம் வந்த பதிவு, வரிப் பிடித்தத்தைக் காட்டும் படிவம் 26ஏஎஸ், விடுப்புக்கு அனுமதி கேட்ட செய்திகள், வேலை நேரம் பற்றிய செய்திகள் ஆகியவற்றின் நகல் போதும். இன்னும் வெளிவராத விளையாட்டின் ஃபைல்களைத் தனிப்பட்ட மெயிலுக்கு அனுப்பாதீர்கள். உங்கள் மீது திருப்பிப் போட அவர்களுக்கு அதுவே கிடைத்துவிடும்.

இப்போது உங்கள் கார்டு கேம். இங்கே நிதானமாக யோசிக்க வேண்டும், ஏனென்றால் ஒரு கதவைத் திறந்தால் இன்னொன்று மூடும். பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் தன் வேலையின் பகுதியாக உருவாக்குவதற்கு முதல் உரிமையாளர் முதலாளி. நீங்கள் உங்களை ஊழியர் என்று நிறுவினால், ஸ்டூடியோவுக்காகப் போட்ட லேஅவுட்கள் அவர்களுடையவை. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் வார இறுதியில், சொந்தக் கணினியில், யாரும் சொல்லாமல் செய்த விளையாட்டு வேலையின் பகுதி ஆகாது. ‘ஒப்பந்தக் காலத்தில் உருவாக்கும் அனைத்தும்’ என்ற மாதிரி வாசகம் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கையெழுத்திட்ட பக்கத்தோடு ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். இல்லையென்றால் அது உங்களுடையது. அலுவலக லேப்டாப்பில் அந்த விளையாட்டின் ஒரு கோப்பு கூட இருக்க வேண்டாம். இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: பதிப்புரிமை உங்கள் விதிப் புத்தகத்தின் வாசகத்தையும் படங்களையும் காக்கும், விளையாடும் முறையைக் காக்காது. அதே முறையை வேறு வார்த்தையில், வேறு படத்தில் அவர்கள் வெளியிட்டால் தடுப்பது கடினம். எனவே பேச்சுவார்த்தையில் அவர்களுக்கு முழு முன்மாதிரியையும் காட்டிக்கொண்டிருக்காதீர்கள். ஸ்டூடியோ வேலைகளிலும் ஓர் உரிமை உங்களிடமே இருக்கிறது. உரிமையை யாருக்கு மாற்றிக் கொடுத்தாலும், படைத்தவர் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைத்தவரிடமே இருக்கும் என்கிறது அதே சட்டத்தின் 57ஆவது பிரிவு. பெட்டியின் பின்புறம் உங்கள் பெயர் வர வேண்டும் என்று கேளுங்கள். அடுத்த வேலைக்கு அனுபவச் சான்றிதழைவிட அது அதிகம் உதவும்.

எங்கே போவது? பன்னேர்கட்டா சாலையில் டெய்ரி சர்க்கிள் பக்கம் கார்மிக பவன் இருக்கிறது. தொழிலாளர் துறை அலுவலகம் அங்கேதான். சமரச அலுவலரிடம் மனு கொடுங்கள். கன்னடம் எழுத வராது என்று தயங்க வேண்டாம், ஆங்கிலத்தில் கொடுக்கலாம். 45 நாளில் தீராவிட்டால் நேரே தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வேலை நீக்கத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும் என்பதை மறக்காதீர்கள். முன்பு மூன்று ஆண்டாக இருந்தது, இப்போது குறைந்துவிட்டது. வழக்கு வென்றாலும் அந்த வேலையே திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சமீப ஆண்டுகளில் நீதிமன்றங்கள் பெரும்பாலும் மொத்தத் தொகையாகத்தான் கொடுக்கின்றன. பல வழக்குகள் சமரச அலுவலர் முன்பே ஒரு தொகையில் முடிந்துவிடும். அதனால்தான் உங்கள் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு போகச் சொல்கிறேன்.

கடைசியாக அந்த மூன்று சக ஊழியர்கள். அவர்களோடு இன்றே பேசுங்கள். 2021 அக்டோபரில் அமெரிக்காவில் ‘பாத்ஃபைண்டர்’ விளையாட்டைத் தயாரிக்கும் பைசோ ஊழியர்கள் சங்கம் அமைத்தபோது, அங்கே எழுதும் பல ஃப்ரீலான்சர்கள், சங்கத்தை ஏற்கும் வரை வேலை செய்யமாட்டோம் என்று சேர்ந்து நின்றார்கள். அதே மாதம் கம்பெனி சங்கத்தை ஏற்றுக்கொண்டது. உங்கள் நால்வரில் ஒருவர் ராஜினாமா கொடுத்தாலும், ‘இவர்கள் விருப்பப்பட்டுத்தான் போனார்கள்’ என்று மற்ற மூவருக்கும் அதைக் காட்டுவார்கள். பெங்களூரில் ஐடி ஊழியர்களுக்கான சங்கமான கேஐடியு இப்படிப்பட்ட கட்டாய ராஜினாமா புகார்களைத் தொழிலாளர் துறைக்கு எடுத்துப் போயிருக்கிறது. உங்கள் ஸ்டூடியோவை அவர்கள் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள். மனு மட்டும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இருக்கட்டும், நான்கையும் ஒரே நாளில் கொடுங்கள். ஒப்புகை முத்திரை வாங்காமல் கார்மிக பவனை விட்டு வெளியே வராதீர்கள்.