காலையில் நாலு நொடி கடகடக்கிற பழைய டீசல் கார்: வாங்கலாமா?

நீடாமங்கலத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். அப்பாவை வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குத் தஞ்சாவூர் கூட்டிப்போக ஒரு கார் வேண்டும். 2011-ல் பதிவான ஸ்விஃப்ட் டீசல், மீட்டரில் 96,000 கிலோமீட்டர், விலை 2,30,000 ரூபாய் என்று புரோக்கர் சொல்ல, 5,000 அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். பிறகு ஒருநாள் காலை அந்தத் தெரு வழியாகப் போகும்போது, வண்டியை ஸ்டார்ட் செய்ததும் நாலைந்து நொடி இரும்புச் சங்கிலியை உருட்டுகிற மாதிரி சத்தம் வந்து, பிறகு அந்தச் சத்தம் தானாக அடங்கியதாம். கேட்டால், "டீசல் வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும் மேடம்" என்கிறார் புரோக்கர். நம்பலாமா, பழுது என்றால் எவ்வளவு செலவாகும் என்று கேட்கிறார்.

நம்பாதீர்கள் மேடம். டீசல் இன்ஜினின் சத்தம் அது ஓடுகிற வரைக்கும் இருக்கும், நாலு நொடியில் நிற்காது. குளிர்ந்த இன்ஜினில் முதல் சில நொடி மட்டும் வந்து அடங்குகிற கடகடப்பு என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, இன்ஜினுக்குள் வால்வும் பிஸ்டனும் ஒத்து இயங்கும்படி பிணைக்கிற டைமிங் செயினைத்தான்.

சைக்கிள் செயின் தளர்ந்தால் மூடியில் அடித்துக்கொண்டே வருமே, அதே கதைதான். இந்த வண்டியில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1248 சிசி இன்ஜின். ரிட்ஸ், டிசையர், இண்டிகா விஸ்டா எல்லாவற்றிலும் வந்த குடும்பம் என்பதால் உதிரி பாகத்துக்குக் கும்பகோணம், தஞ்சாவூரைத் தாண்டி அலைய வேண்டியதில்லை. உள்ளே ஓடும் செயினை இழுத்துப் பிடிக்க டென்ஷனர் என்று ஒன்று இருக்கிறது, அது ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. இரவெல்லாம் வண்டி நின்றால் அழுத்தம் இறங்கிவிடும். காலையில் ஆயில் ஏறும்வரை செயின் தளர்வாகக் கிடக்கும். செயின் நல்லபடியாக இருந்தால் அந்தத் தளர்வு காதில் விழாது. நீண்டு தேய்ந்திருந்தால் விழும்.

செயின் செட், டென்ஷனர், கூலி எல்லாம் சேர்த்து சுமார் 15,000-லிருந்து 25,000 வரை ஆகும். "ஓடுகிற வரை ஓடட்டும்" என்று விட்டு, செயின் பல் தாவிவிட்டால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அப்புறம் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டை இறக்கி, லேத்துக்கு அனுப்பி, பில் 50,000-ஐத் தாண்டும். அதுவும் டயாலிசிஸ் முடித்து அப்பா களைத்துப்போய்ப் பின்சீட்டில் சாய்ந்திருக்கும்போது அம்மாப்பேட்டை பக்கம் வண்டி நின்றால் என்ன செய்வீர்கள்? எனக்கு அந்தக் கவலைதான் பெரிது.

இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முப்பது வருடமாகப் பட்டறையில் இதைப் பார்த்துப் பார்த்து மனம் வெறுத்துப் போயிருக்கிறேன். நீங்கள் பத்து மணிக்கு வருவதாகச் சொன்னால், ஒன்பதரைக்கே வண்டியை ஓட்டிச் சூடேற்றி வைத்துவிடுவார்கள். சூடான இன்ஜினில் செயின் பேசாது. சிலர் கெட்டியான ஆயிலை ஊற்றிச் சத்தத்தை அமுக்கிவிடுவார்கள். நீங்கள் தற்செயலாக அந்த வழியே போனதால்தான் உங்களுக்கே அது தெரிந்தது. ஆகவே சொல்லாமல் கொள்ளாமல் காலை ஆறு மணிக்குப் போய் முதலில் பானெட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் பேசாமல் திரும்பி வந்து மறுநாள் போங்கள். "நம்ம மெக்கானிக்கே பார்த்துச் சொல்லட்டும்" என்று புரோக்கர் கூட்டிவரும் ஆளுக்கு அந்த வியாபாரத்திலேயே கமிஷன் இருக்கும். உங்கள் ஆளை, உங்கள் செலவில், ஐந்நூறு ஆயிரம் கொடுத்தாவது கூட்டிப்போங்கள்.

மீட்டரையும் நான் நம்பவில்லை. பதினைந்து வருடத்தில் 96,000 என்றால் நாளுக்குப் பதினெட்டு கிலோமீட்டர்கூட இல்லை. அவ்வளவு ஓட்டத்துக்கு யார் கூடுதல் காசு போட்டு டீசல் வண்டி எடுத்தார்கள்? பிரேக் பெடலின் ரப்பர் மொழுக்கென்று தேய்ந்திருக்கிறதா பாருங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைச் சொல்லி, கடைசியாக எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்று உரிமையாளரையே கேட்கச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் உங்களுக்கு அதுவே பதில்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அவசரப்பட்டு நல்ல வண்டியை விட்டுவிடக் கூடாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் பக்கத்தில் கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டு வண்டிகள் மாதக்கணக்கில் ஷெட்டிலேயே நிற்கும். அப்படி நின்ற வண்டியில் ஆயில் முழுக்க வடிந்து, முதல் ஸ்டார்ட்டில் மட்டும் ஒருமுறை இந்தச் சத்தம் வரலாம். செயின் நன்றாகவே இருக்கும். பிரித்தறிவது எளிது. முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓட்டி, இரவு நிறுத்தி, மறுநாள் காலை மறுபடி ஸ்டார்ட் செய்து கேளுங்கள். சத்தம் இல்லையென்றால் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, இன்னும் இரண்டு காலை இதேபோல் கேளுங்கள். அப்போதும் வராவிட்டால் செயினைத் தொட வேண்டாம். ஆனால் அந்த வண்டியில் வேறு தொல்லை இருக்கும். அறுவடை முடிந்ததும் வயல் எலி முழுவதும் ஷெட்டுக்கு வந்துவிடும், வயரைக் கடிக்கும், ஏசி ஃபில்டரில் கூடு கட்டும். பேட்டரி செத்திருக்கும். டயர் பார்க்கப் புதிதாக இருந்தாலும் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள், 1817 என்றால் 2017-ன் 18-வது வாரம் செய்தது, அதற்குக் காசு கொடுக்காதீர்கள். இன்னொன்று, "வெளிநாட்டுக்காரர் வண்டி, ஓடவே இல்லை" என்பது புரோக்கர்கள் எல்லா வண்டிக்கும் சொல்வது, ஆர்சியில், அதாவது பதிவுச் சான்றில், பெயரையும் முகவரியையும் பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

மற்ற செலவுகள் சுருக்கமாக: கிளட்ச் செட் கூலியோடு 10,000-லிருந்து 15,000, முன்சக்கரங்களைத் தாங்கும் லோயர் ஆர்ம், புஷ், லிங்க் ராடு எல்லாம் 8,000 அளவில். சாலையில் காயப்போட்ட வைக்கோல் மேல் ஏறி ஓடிய வண்டியென்றால் ஆக்சில் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் சிதறியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஏசியை அரை மணி நேரம் ஓடவிட்டுச் சோதியுங்கள், உங்கள் அப்பாவுக்கு அது அவசியம். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது கரும்புகை தள்ளினால், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைச் சோதிக்காமல் கையெழுத்து போடாதீர்கள், புதிதாக மாற்றினால் ஒன்றே பத்தாயிரத்துக்கு மேல், மொத்தம் நாலு இருக்கிறது.

ஆர்சி விஷயம். 2011 பதிவு என்றால் 2026-ல் பதினைந்து வருடம் முடிகிறது. எஃப்சி என்கிற தகுதிச் சான்று பார்த்து, பசுமை வரி கட்டி, ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள். காசை ஏற்றியவர்கள் வேலையை எளிதாக்கினார்களா என்றால் இல்லை. எல்லாம் ஆன்லைன் என்கிறார்கள், கடைசியில் ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் ஃபைலோடு நிற்பவரிடம்தான் ஜனம் போய் நிற்கிறது. டெல்லியில் பத்து வருட டீசலுக்குத் தடை என்று வாட்ஸப்பில் வருவது நம் ஊருக்குப் பொருந்தாது, அதை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

ஆனால் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் ஏற்கெனவே கையெழுத்து வாங்கி, வாங்குபவர் பெயரை வெறுமையாக விட்டுப் புரோக்கர் வைத்திருந்தால் அந்த வண்டியைத் தொடவே தொடாதீர்கள். அது எத்தனை கை மாறியதோ தெரியாது. விபத்து நடந்தால் ஆர்சியில் பெயர் இருப்பவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் இது நடக்கிறது. உரிமையாளர் நேரில் வரட்டும், ஆர்சியில் கடன் பதிவு இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும், கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-ம் கையில் வரட்டும், அதுவரை முழுப்பணம் வேண்டாம்.

உங்கள் கணக்குக்கு வருகிறேன். குளிர்ந்த இன்ஜினில் காலையில் மறுபடியும் அதே சத்தம் வந்தால் செயினுக்கு 25,000, புதுப்பிப்புக்கு எல்லாம் சேர்த்து ஒரு 10,000, சில்லறை வேலைக்கு 20,000. 2,30,000-லிருந்து 55,000 கழித்து, 1,75,000-க்குக் கேளுங்கள். செயினை மாற்றித் தருகிறோம் என்று அவர்கள் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், பழைய செயினைக் கழுவி மாட்டிவிட்டுப் பில் காட்டுவார்கள். விலையைக் குறைத்து வாங்கி, உங்கள் மெக்கானிக்கிடம் மாற்றி, கழற்றிய பழைய செயினைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த 5,000 அட்வான்ஸுக்கு வண்டி எண் போட்ட ரசீது இல்லையென்றால், இன்றைக்கே உரிமையாளருக்குப் போன் செய்து அது அவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுவிடுங்கள்.