அச்சு அசல் வேண்டாம், ஆள் தெரிந்தால் போதும்

முகம் வரைவது பற்றி மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார வாசகர்கள் சிலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

பாட்டியைக் கரியில் வரைகிறேன். ஒவ்வொரு சுருக்கத்தையும் போட்டுவிட்டேன். சாயல் வரவில்லையே, ஏன்?

சுருக்கம் எல்லாப் பாட்டிகளுக்கும் உண்டு. தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, கண்குழி எவ்வளவு ஆழம், தாடை கழுத்தோடு எப்படிச் சேர்கிறது, இவைதாம் ஆளைக் காட்டிக்கொடுக்கும். தோட்ட லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பவரைத் தெருமுனையிலிருந்தே அடையாளம் கண்டுகொள்கிறீர்கள். அங்கிருந்து சுருக்கமா தெரிகிறது?

கண்ணை இடுக்கிப் பாருங்கள். நிழல்கள் ஒரே திட்டாகச் சேரும். கரிக்குச்சியை இரண்டு அங்குலத்துக்கு ஒடித்து, படுக்கைவாட்டில் வைத்து, அந்தத் திட்டை ஒரே இழுப்பில் போடுங்கள். பிசையும் அழிப்பானால் நெற்றியிலும் மூக்குத்தண்டிலும் ஒற்றி வெளிச்சத்தை எடுங்கள். கோடு கடைசியில்தான்: மேலிமை, உதடுகள் சேருமிடம், நாசித்துளை.

ஜெர்மானிய ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் 1933இல் கரியால் வரைந்த தன்னுருவப் படத்தை அவசியம் தேடிப் பாருங்கள். பக்கவாட்டு முகம் பொறுமையாக உருவாகியிருக்கும். தோளுக்கும் கைக்கும் நடுவே புயம் என்று எதுவும் இராது. மேலும் கீழுமாக இழுத்த முரட்டு நெளிவு மட்டுமே. ஆனாலும் அந்தக் கை வரைந்துகொண்டிருப்பதை நம்மால் உணர முடிகிறது. எங்கே நின்று நிதானிப்பது, எங்கே வீசிவிட்டுப் போவது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடச் சிறந்த பாடம் இல்லை.

வேகமாக வரைந்தால் கை இறுக்கம் போய்விடுமா?

பார்க்காமல் வேகமாக வரைந்தால் கிறுக்கல்தான் மிஞ்சும். தாளைச் சுவரில் ஒட்டி, நின்றுகொண்டு, தோளிலிருந்து கையை அசையுங்கள். அடுத்து, தாளையே பாராமல், எதிரில் இருப்பவரின் முகத்தை மட்டும் பார்த்தபடி ஒரே கோட்டில் வரையுங்கள். கோணல்மாணலாக வரும், வரட்டும். அது கண்ணுக்கான பயிற்சி.

மைப்பேனா விலை கட்டுப்படியாகவில்லை. வேறு வழி?

தென்னை ஈர்க்கைச் சாய்வாகச் சீவி மையில் தோய்த்து வரையுங்கள். கோடு தடிப்பாகத் தொடங்கி, பாதியிலேயே மை தீர்ந்து வறண்டு போகும். நரைமுடிக்கும் தாடிக்கும் அந்த வறண்ட கோடு அற்புதமாகப் பொருந்தும். 1888இல் பிரான்ஸின் ஆர்ல் நகரில் ஓவியர் வான்கோ நாணலைச் சீவித்தான் எத்தனையோ படங்களை வரைந்தார்.

நீர்வண்ணத்தில் நம்மவர் நிறம் வரவில்லை. கறுப்பு சேர்த்தால் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடுகிறது.

கறுப்பை ஒதுக்குங்கள். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வண்ணத்தையும் அல்ட்ராமரீன் என்ற அடர்நீலத்தையும் கலந்து பாருங்கள். சியன்னா கூடினால் வெதுவெதுப்பான பழுப்பு, நீலம் கூடினால் ஆழ்ந்த நிழல். தட்டில் முழுக்கக் கலக்காமல், ஈரத் தாளிலேயே இரண்டையும் சேரவிட்டால் இன்னும் உயிரோட்டம் இருக்கும். வெயிலில் ரப்பர் பால்மரம் சீவியவரின் நெற்றியைக் கவனியுங்கள். மினுமினுக்கும் இடத்தில் வானத்தின் நீலம் லேசாகத் தெரியும். அங்கே நீர்த்த நீலத்தைத் தொட்டுவிடுங்கள், அல்லது தாளின் வெள்ளையை அப்படியே விடுங்கள். கரிய முகத்தை வெளுப்பாக்கித்தான் அழகாக்க வேண்டும் என்ற எண்ணம் நம் பிள்ளைகளின் தூரிகைக்குள் புகவே கூடாது.

தாள் சதுர மீட்டருக்கு 300 கிராம் (300 gsm) கனமுள்ளதாக இருக்கட்டும். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம்; பூச்சு காயத் தாமதமாகும். புறங்கையால் மெல்லத் தொடும்போது குளிர்ச்சி தெரிந்தால் இரண்டாம் பூச்சுக்கு இன்னும் காத்திருங்கள்.

கரி உதிராமல் இருக்கக் கரிப்படத்துக்கு ஹேர் ஸ்ப்ரே அடிக்கலாமா?

பயிற்சிப் படத்துக்கு அடிக்கலாம். நாளடைவில் தாள் மஞ்சளிக்கும் என்பதால், வைத்துக்கொள்ள விரும்பும் படத்துக்கு ஓவியக் கடையில் கிடைக்கும், கரியைத் தாளில் பிடித்துவைக்கும் ஃபிக்ஸட்டிவ் தெளிப்புதான் சரி. வீட்டுக்கு வெளியே, ஓரடி தள்ளிப் பிடித்து, மெல்லிய இரண்டு பூச்சாக அடியுங்கள். சட்டம் போடும்போது படம் கண்ணாடியில் ஒட்டாதபடி சுற்றிலும் அட்டை வைக்கச் சொல்லுங்கள். ஒட்டிய இடத்தில் பூஞ்சை பிடித்துவிடும்.