அடிப்படைச் செயல்களை எழுதி வைக்கும் முறை: மண்டபம் வகுப்பின் கேள்வி பதில்

நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவது கம்பைலர். அதற்குத் தெரிந்திருக்க வேண்டிய அடிப்படைச் செயல்களை எப்படி ஆவணத்தில் எழுதி வைப்பது என்று, மண்டபத்தில் கம்பைலர் எழுதிப் பழகும் நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

கீழக்கரை மாணவி: எதை அடிப்படைச் செயல் என்று கொள்வது, ஐயா?

பதில்: உங்கள் மொழியைக் கொண்டே எழுத முடியாததை மட்டும் கொள்ளுங்கள், அம்மா. இரு எண்களைக் கூட்டுவதும் நினைவகத்தில் ஓரிடத்தைப் படிப்பதும் அப்படிப்பட்டவை. இரண்டில் பெரிய எண்ணைக் காண்பதை ஒப்பீட்டை வைத்தே எழுதிவிடலாம்.

தொண்டி மாணவர்: விசைப்படகில் போன ஒவ்வொருவருக்கும் பங்கு பிரிக்க என் மொழியில் ஒரு நிரல் எழுதினேன். ஒவ்வோர் ஆளுக்கும் ஒருமுறை ஓடும் சுழலுக்குள் தொகையை ஆள் எண்ணிக்கையால் வகுக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் என்பதால் ஆள் பூஜ்யம். சுழல் ஒருமுறைகூட ஓடாது. ஆனாலும் மடிக்கணினியில் நிரல் நின்றுவிடுகிறது, கைபேசியில் நிற்பதில்லை. ஏன்?

பதில்: தம்பி, இரண்டு எண்களும் சுழலுக்குள் மாறாததால், வகுத்தலை ஒரே முறை செய்தால் போதும் என்று உங்கள் கம்பைலர் அதைச் சுழலுக்கு முன்னால் தூக்கி வைத்துவிட்டது. உங்கள் மடிக்கணினியில் இருக்கும் எக்ஸ்86 வகைச் செயலி, பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால் பிழை எழுப்பி நிற்கும். கைபேசியில் இருக்கும் ஏஆர்எம்64 வகைச் செயலி பேசாமல் 0 என்று விடை தந்துவிடும். மிகச் சிறிய எதிர்ம முழு எண்ணை −1 ஆல் வகுத்தாலும் எக்ஸ்86 அவ்வாறே நிற்கும் என்பதை ஆவணத்தில் பலர் எழுத மறக்கிறார்கள்.

ஆகவே வகுத்தலுக்கு எதிரே ‘தவறக்கூடியது’ என்று குறியுங்கள். ‘பக்கவிளைவு உடையது’, அதாவது விடை தருவதோடு வெளியே எதையாவது மாற்றவும் செய்வது, என்று குறித்துவிடாதீர்கள். தவறக்கூடிய செயலின் விடை பயன்படாவிட்டால் அதை நீக்கிவிடலாம், ஆனால் அதை ஓட்டலாமா என்று பார்க்கும் சோதனையைத் தாண்டி (இங்கே, சுழல் ஓட வேண்டுமா என்ற சோதனை) முன்னே நகர்த்தக் கூடாது. பக்கவிளைவு உடையதையோ நீக்கவும் கூடாது, இரண்டாகப் பெருக்கவும் கூடாது. என் பார்வையில், ஒரு செயல் என்ன செய்யும் என்பதைவிட எப்போது தவறும் என்பதே முதலில் எழுதப்பட வேண்டியது.

இராமேசுவரம் நண்பர்: குறிப்புகளை எங்கே வைப்பது?

பதில்: பெயர், வகை, பண்புகள், விளக்கம் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். ஹாஸ்கெல் மொழியின் ஜிஹெச்சி கம்பைலரில் அப்படி ஒரு கோப்பிலிருந்தே கம்பைலருக்கான அட்டவணைகளும் பயனருக்கான ஆவணமும் உருவாக்கப்படுகின்றன.

பாம்பன் மாணவி: 64 பிட் எண்ணின் பிட்டுகளை (0, 1 இலக்கங்களை) 64 இடம் நகர்த்தினால் விடை என்ன?

பதில்: எக்ஸ்86 செயலி நகர்த்தும் அளவில் கடைசி 6 பிட்டுகளை மட்டுமே பார்ப்பதால், 64 என்பது 0 ஆகி எண் மாறாமல் நிற்கும். எல்லாச் செயலிகளும் இப்படிச் செய்வதில்லை. ‘அளவு 0 முதல் 63 வரை இருக்க வேண்டும், மீறினால் விடை வரையறுக்கப்படவில்லை’ என்று எழுதிவிடுங்கள்.