எத்தனை பேர் பார்த்தால் பேர் கிடைக்கும்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: இணையத்தில் பேர் வாங்குவது. யார் பெயரையும் போடவில்லை, ஊர் மட்டும் போட்டிருக்கிறேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வரி. மயிலாடுதுறை பட்டமங்கலத் தெருவில் ஒரு மாடியில் முதலில் தட்டச்சுப் பயிலகம், பிறகு டி.டி.பி. என்கிற கம்ப்யூட்டர் அச்சுக்கோப்பு, பிறகு பிரௌசிங் சென்டர் என்று 30 வருஷத்துக்கு மேல் கடை நடத்துகிறவள் நான். அந்த மாடியில் பார்த்ததையும் கேட்டதையும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

என் மகன் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறான். யூடியூபில் சமையல் வீடியோ போடுகிறான். 4,200 பேர் சப்ஸ்கிரைப் செய்திருக்கிறார்களாம். "நான் ஃபேமஸ் ஆயிட்டேம்மா, இனிமே காலேஜ் எதுக்கு" என்கிறான். என்ன சொல்லிப் புரியவைப்பது?
— ஒரு தாய், அறந்தாங்கி

முதலில் அவனைப் பாராட்டுங்கள் அம்மா. 4,200 பேர் சும்மா வந்துவிட மாட்டார்கள். பையன் ஏதோ உழைத்திருக்கிறான். திட்டிக்கொண்டே பேச்சைத் தொடங்கினால் அவன் காதை மூடிக்கொண்டுவிடுவான்.

அடுத்து, அவன் போனில் யூடியூப் ஸ்டுடியோவைத் திறக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். சப்ஸ்கிரைபர் கணக்கை விடுங்கள். ஜனங்கள் எவ்வளவு நேரம் பார்த்திருக்கிறார்கள் என்று மணிக்கணக்கில் ஓர் எண் இருக்கும், அதைக் கேளுங்கள். விளம்பரப் பணத்தில் பங்கு வேண்டுமென்றால் 1,000 சப்ஸ்கிரைபர் மட்டும் போதாது. முழுநீள வீடியோ என்றால், 12 மாதத்துக்குள் 4,000 மணி நேரம் ஜனங்கள் அவன் வீடியோவைப் பார்த்திருக்க வேண்டும். அதைத் தாண்டினால் முழுநீள வீடியோவின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் அவனுக்கு. தாண்டிவிட்டானா, மாதம் என்ன வந்தது என்று அவன் வாயாலேயே சொல்லட்டும்.

உங்கள் மாவட்டத்திலேயே அவனுக்குப் பாடம் இருக்கிறது. சின்ன வீரமங்கலத்து வில்லேஜ் குக்கிங் சேனல். 2018-ல் தொடங்கினார்கள். 2021 ஜூலையில் 1 கோடி சப்ஸ்கிரைபர். தமிழ் சேனல்களில் அவர்கள்தான் முதலில் அதைத் தொட்டார்கள். ராகுல் காந்தி வந்து காளான் பிரியாணி சாப்பிட்டார், தயிர்ப் பச்சடிக்கு வெங்காயம், தயிர், கல்லுப்பு என்று தமிழில் சொல்லிக்கொண்டே கலந்தார். எல்லோருக்கும் இது தெரியும். நான் பார்க்கச் சொல்வது வேறு. ஒரு வீடியோவை எடுத்துக்கொண்டு பெரியதம்பி தாத்தாவின் கையை மட்டும் பாருங்கள். மஞ்சளை அள்ளும்போது அளவுக்கரண்டி கிடையாது. அண்டாவுக்குள் கரண்டி அடி வரைக்கும் போய்த் திரும்பி வரும். கல்யாணம் காட்சிக்குச் சமைத்துப் பழகிய கை அது. யூடியூப் அப்புறம் வந்தது. கடைசியில் இலை போட்டு வயதானவர்களுக்குப் பரிமாறுகிறார்களே, அங்கேதான் எனக்கு அந்த வீடியோ முழுசாகிறது.

உங்கள் மகனிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். கேமராவை அணைத்துவிட்டு 20 பேருக்கு ஒருவேளை சாப்பாடு ஆக்குவானா? ஆக்குவான் என்றால் அவனைத் தடுக்காதீர்கள். ஆனால் பட்டத்தை முடிக்கட்டும், மிச்சம் ஒன்றரை வருஷம்தானே. சனி, ஞாயிறு இருக்கிறது. வாரத்துக்கு ஒரு வீடியோ ஒழுங்காகப் போட்டால் போதும்.

ஒரு வீடியோவை எவ்வளவு பேர் வேண்டுமானாலும் பார்க்கலாமா? எண்ணுவதற்கு எல்லை இருக்கிறதா?
— 9-ஆம் வகுப்பு மாணவர், சிவகாசி

நல்ல கேள்வி தம்பி. ஒரு காலத்தில் எல்லை இருந்தது. யூடியூப் எண்ணிக்கையை 32 பிட் எண்ணாக, அதாவது 0, 1 மட்டும் போடக்கூடிய 32 கட்டத்துக்குள் வைத்திருந்தார்கள். அதில் ஒரு கட்டம் கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விடும். அதில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 வரைதான் எண்ண முடியும். அவ்வளவு பேர் எங்கே பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். தென் கொரியாவின் சை பாடிய 'கங்னம் ஸ்டைல்' 2012 ஜூலையில் வந்து, அந்த டிசம்பருக்குள் 100 கோடியைத் தொட்டது. யூடியூபில் 100 கோடியைத் தொட்ட முதல் வீடியோ அதுதான். 2014-ல் அந்த எல்லையையே நெருங்கியதும் 64 பிட்டுக்கு மாற்றினார்கள். இனிமேல் உன் பேரன் காலத்திலும் நிரம்பாது. 31 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி 1-ஐக் கழித்துப் பார், முதலில் சொன்ன எண் வரும். கால்குலேட்டர் இல்லாமல் செய்து, எனக்கு எழுதி அனுப்பு.

டிக்டாக்கில் எனக்கு 3 லட்சம் பேர் இருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் செல்ஃபி கேட்பார்கள். தடை வந்ததும் எல்லாம் போச்சு. ரீல்ஸில் அதே மாதிரிதான் செய்கிறேன், 900 பேர்தான். அப்படியென்றால் நான் ஃபேமஸாக இருந்ததே பொய்யா அக்கா?
— ஒரு சகோதரி, தேனி

பொய் இல்லைம்மா. உங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்மையாகவே சிரித்தார்கள். பஸ் ஸ்டாண்டில் ஓடி வந்த பெண்ணுக்கு அன்றைக்கு உங்களைப் பார்த்ததில் சந்தோஷம். அதையெல்லாம் யாரும் அழிக்க முடியாது.

2020 ஜூன் 29 ராத்திரி அறிவிப்பு வந்தது, 59 செயலிகளுக்குத் தடை. அடுத்த நாள் காலையில் என் கடைக்கு ஒரு பெண் வந்தாள், எங்கள் பக்கத்துத் தையல்காரப் பெண். முகக்கவசத்துக்கு மேலே கண் இரண்டும் வீங்கியிருந்தது. "அக்கா, என் வீடியோவெல்லாம் எடுத்துக் குடுத்துடுங்க" என்று போனை நீட்டினாள். போனிலேயே சேமித்து வைத்திருந்த 40 வீடியோவை பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். மற்றதை எடுக்க முடியவில்லை. ஒன்றரை வருஷ உழைப்பு. அவள் தைத்த ரவிக்கைக் கை வேலைப்பாடு எல்லாம் அதில்தான் இருந்தது. காசு வாங்க எனக்கு மனசு வரவில்லை.

உங்களுக்கு நடந்ததும் அதுதான். அந்தக் கூட்டம் உங்கள் பின்னால் நின்றது, ஆனால் கூட்டத்தின் விலாசம் அந்தச் செயலியிடம் இருந்தது. யார் கண்ணில் உங்களைக் காட்டுவது என்பதை அதுதான் முடிவுசெய்தது. இப்போது இருக்கிற 900 பேரை அலட்சியம் செய்யாதீர்கள். அவர்களில் எத்தனை பேர் பழைய இடத்திலிருந்து உங்கள் பேரைத் தட்டித் தேடி வந்தவர்கள்? ஒரு வீடியோவில் கேட்டுப் பாருங்கள். 50 பேர் கையைத் தூக்கினாலும் அந்த 50 பேர் உங்களுடையவர்கள். இன்னொன்று, இனிமேல் எது எடுத்தாலும் ஒரு பிரதி வீட்டில் ஹார்ட் டிஸ்கில் இருக்க வேண்டும். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

நேசமணிக்காக உலகமே பிரார்த்தனை செய்ததே, அது புகழா கேலியா?
— வாசகர், கோவில்பட்டி

புகழ் என்றுதான் நான் சொல்வேன். நேசமணி என்பது 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு நடித்த பாத்திரம். 2019 மே மாதக் கடைசி. முகநூலில் கட்டுமானத் துறைக்காரர்கள் பக்கம் ஒன்றில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பேர் என்று கேட்டார்கள். நம் ஆள் ஒருவர், சுத்தியல் என்று சொன்னதோடு நிற்காமல், அரண்மனையில் வேலை பார்க்கும்போது பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணி தலையை இதுதான் உடைத்தது என்று எழுதிவிட்டார். இன்னொருவர், அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்க, பிடித்துக்கொண்டது. பிரதமர் பதவியேற்பு மே 30. அந்தச் செய்திக்கு நடுவில் ட்விட்டரில் நேசமணி பேர் மேலே நின்றது. தமிழ் தெரியாதவர்கள், யார் இந்த மனிதர், பிழைத்துவிட்டாரா என்று நிஜமாகவே விசாரித்தார்கள்.

'ஃப்ரெண்ட்ஸ்' படம் வந்தது 2001-ல். அப்போது யூடியூபே கிடையாது. 18 வருஷம் கழித்து, வடிவேலுவுக்குக் கையில் படம் அதிகம் இல்லாத நேரத்தில் இது நடந்தது. அவர் ஒரு வார்த்தை எழுதவில்லை, ஒரு விளம்பரம் கொடுக்கவில்லை. நம்முடைய கோபம், பசி, பயம், வீறாப்பு எல்லாவற்றுக்கும் அவர் முகத்தில் ஒரு படம் இருக்கிறது. என் கடைக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகள் பலர் அந்தப் படம் வந்த பிறகு பிறந்தவர்கள். அவர்களும் அவர் முகத்தால்தான் பேசிக்கொள்கிறார்கள். ஒரு நடிகனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

எங்கள் தெருவில் ஒருவர் தினமும் ஆதரவற்றவர்களுக்குக் கஞ்சி ஊற்றுகிறார். வீடியோ எடுத்துப் போட்டால் உதவி வருமே. போடலாமா?
— வாசகர், ஈரோடு

அவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். வாங்கிக் குடிக்கிறவர்கள் முகம் தெரியவே கூடாது. கோவைக்குப் பக்கத்தில் வடிவேலம்பாளையத்துக் கமலாத்தாள் பாட்டியை 2019-ல் ஊர் உலகமே பார்த்தது. ஒரு ரூபாய்க்கு இட்லி. விறகடுப்பில் புகையோடு சமைத்துக்கொண்டிருந்தவருக்கு எரிவாயு அடுப்பு வந்தது. தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா சொன்னபடி 2022 அன்னையர் தினத்தில் புது வீடும் வந்தது. கூட்டம் வந்ததே என்று பாட்டி விலையை ஏற்றவில்லை. அதனால்தான் அவர் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை. உங்கள் தெருக்காரர் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். நீங்களே ஒரு மூட்டை அரிசி வாங்கிக் கொடுங்கள்.

இணையத்தில் உண்மையாகவே பேர் பெற்ற தமிழர் என்று ஒரே ஒருவரைச் சொல்லச் சொன்னால் யாரைச் சொல்வீர்கள்?
— வாசகர், பட்டுக்கோட்டை

நீங்கள் பட்டுக்கோட்டையிலிருந்து கேட்கிறீர்கள். நான் சொல்லப்போகிறவர் உங்களுக்குப் பக்கத்து அதிராம்பட்டினத்துக்காரர், உமர் தம்பி.

இப்போது போனில் தமிழ் தானாக வருகிறது. 2003, 2004-ல் அப்படி இல்லை. ஆளுக்கொரு எழுத்துரு. டி.டி.பி.யில் பாமினி எழுத்துருவில் அடித்ததை இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். வளைகுடாவில் வேலை பார்க்கும் கணவருக்குக் கடிதம் அனுப்ப வரும் பெண்கள் தாளில் கையால் எழுதிக்கொண்டு வருவார்கள். அதை ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் இணைத்து அனுப்புவேன். ஒரு பக்கத்துக்கு 10 ரூபாய். மூன்று பக்கம் எழுதி வந்தவள் 10 ரூபாய்தான் இருக்கிறது என்று ஒரு பக்கத்தை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறையான ஒருங்குறி (யூனிகோடு) வந்த பிறகும் என் கடையின் பழைய விண்டோஸ் 98 பெட்டிகளில் தமிழ்ப் பக்கம் திறந்தால் வரிசை வரிசையாகக் கட்டம்தான். உமர் தம்பி செய்த 'தேனீ' இயங்கு எழுத்துரு இதைத்தான் தீர்த்தது. படிக்கிறவர் எதையும் நிறுவ வேண்டாம். பக்கத்தை எழுதுகிறவர் தேனீயை அதில் சேர்த்துவிட்டால், பக்கம் வரும்போதே எழுத்தும் கூடவே வந்துவிடும். ஆங்கில விசைகளை ஒலிப்படி தட்டி ஒருங்குறித் தமிழ் அடிக்க ஒரு மென்பொருளும் செய்தார். எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்தார்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தினமும் சாயங்காலம் வருவார். கட்டங்களைப் பார்த்துவிட்டு, "நம்ம பாஷைக்கு இங்க இடம் இல்லபோல" என்று எழுந்து போய்விடுவார். தேனீ சேர்த்த பக்கம் ஒன்றை ஒருநாள் திறந்து கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். ஆள்காட்டி விரலைத் திரைக்கு மேலே வைத்து, பள்ளிப் பிள்ளை மாதிரி வாய்விட்டுப் படித்தார். முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "யாரும்மா செஞ்சது இத?"

அதுவரை நானும் கேட்டுக்கொண்டதில்லை. தேடித் தெரிந்துகொண்டு மறுநாள் சொன்னேன். "அதிராம்பட்டினமா? நேராப் போய் இறங்கிடலாமே" என்றார். போய்ப் பார்த்துக் கையைப் பிடித்து இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அதன்பிறகு அடிக்கடி சொல்வார்.

இப்படிக் கேட்க வேண்டிய பெயர்கள் இன்னும் உண்டு. 1998 பொங்கல் அன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சு செய்து எல்லோருக்கும் இலவசமாக வைத்த சுவிட்சர்லாந்து கல்யாணசுந்தரம் ஐயா. கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்க 'முரசு அஞ்சல்', போனில் அடிக்க 'செல்லினம்' தந்த மலேசியாவின் முத்து நெடுமாறன். பழைய எழுத்துருவை ஒருங்குறிக்கு மாற்றும் 'பொங்குதமிழ்' செய்த சுரதா யாழ்வாணன். அவரால்தான் என் பழைய டி.டி.பி. கோப்புகள் பிழைத்தன. இவர்கள் வீடியோவை யாரும் கோடிமுறை பார்த்ததில்லை. ஆனால் இவர்கள் கை படாத தமிழ்ப் பக்கம் அந்த நாளில் குறைவு.

உமர் தம்பி 2006 ஜூலை 12 அன்று காலமானார். 53 வயதுதான். 2010-ல் கோவைச் செம்மொழி மாநாட்டோடு நடந்த தமிழ் இணைய மாநாட்டில் ஓர் அரங்குக்கு அவர் பெயரை வைத்தார்கள். அதைப் பார்க்க எங்கள் ஆசிரியர் ஐயா இல்லை.

2006-ல் அந்தச் செய்தியை நான்தான் அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அஞ்சலிக் குறிப்பு ஒன்று எழுத வேண்டும், நான் சொல்லச் சொல்ல நீ அடி என்றார். நான்கு வரி சொன்னார். அடித்து ஏற்றிவிட்டுப் பக்கத்தை மறுபடி திறந்தேன். அவர் சொன்ன நான்கு வரியும் தேனீ எழுத்தில் வந்து நின்றன.