எட்டு இரவும் போகலாமா?

கேள்வி: ஜெர்சி சிட்டியில் வேலை பார்க்கிறேன், வயது 29. யோ லா டெங்கோ என்ற ராக் குழுவின் பாட்டுகளுக்குத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தேன், இப்போது விட முடியவில்லை. யூதர்களின் எட்டு நாள் விழாவான ஹனுக்காவை ஒட்டி நியூயார்க்கில் எட்டு இரவு வாசிக்கிறார்களே, முடிந்தால் எட்டுக்கும் போக ஆசை. ஆனால் சென்ற வருடம் வேறொரு குழுவின் கிளப் நிகழ்ச்சியில் முதல் வரிசையில் நின்றேன். பாடுகிறவர் குரலே சரியாகக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாளுக்கு மேல் காதுக்குள் 'ஙொய்' என்று ஒரே இரைச்சல். என் உயரம் ஐந்தடி, பின்னால் போனால் மேடை தெரியாது. தோழிகளுக்கு இந்த இசை ஒத்துவராது என்பதால் தனியாகத்தான் போக வேண்டும். எத்தனை இரவு போகலாம்? எங்கே நிற்பது? எப்படித் திரும்புவது?
– வாசகி, ஜெர்சி சிட்டி

பதில்: எட்டு இரவும் வேண்டாம். முதல் வருடத்துக்கு மூன்று போதும், அதுவும் அடுத்தடுத்த இரவுகளாக இல்லாமல். பணத்தை வைத்துச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் உள்ள அந்த 'ஙொய்'தான் காரணம். அதைப் பற்றிக் கீழே விரிவாக எழுதுகிறோம்.

ஒரே குழுவைப் பல இரவு கேட்பதில் என்ன இருக்கிறது என்று உங்கள் தோழிகள் கேட்கக்கூடும். இந்தக் குழுவைப் பொறுத்தவரை நிறையவே இருக்கிறது. ஐரா கப்லான், ஜார்ஜியா ஹப்லி, ஜேம்ஸ் மெக்நியூ ஆகிய மூவரும் ஒரு இரவு பாடிய பட்டியலை மறு இரவு அப்படியே பாடுவதில்லை. தங்களுக்கு முன் நிகழ்ச்சி தருவது யார் என்பதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒரு இசைக்குழு வரும், நகைச்சுவைக் கலைஞர் ஒருவர் வருவார், அதன் பிறகுதான் இவர்கள். விருந்தாளிகள் இடையில் மேடையேறுவார்கள். கடைசியில் யூதப் பாடலாசிரியர்களின் பாட்டுகளை எடுத்துப் பாடுவது வழக்கம். ஒவ்வொரு இரவின் வருமானமும் வெவ்வேறு அறப்பணிக்குப் போகிறது. 2001இல் நியூஜெர்சியின் ஹோபோகனில், ஏறக்குறைய 200 பேர் மட்டுமே நிற்கக்கூடிய மேக்ஸ்வெல்ஸ் என்ற சிறு கிளப்பில் தொடங்கிய வழக்கம் இது. அந்த கிளப் 2013 ஜூலையில் மூடப்பட்டது. 2017 முதல் மன்ஹாட்டனில் டிலான்சி தெருவிலுள்ள பவரி பால்ரூமில் தொடர்ந்தது. அங்கே சுமார் 575 பேர் நிற்கலாம்.

இனி காது. அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியாஷ் வைத்திருக்கும் கணக்கு எளிமையானது. 85 டெசிபெல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதியாகும். 88க்கு நான்கு மணி நேரம், 91க்கு இரண்டு, 94க்கு ஒன்று, 97க்கு அரை மணி, 100க்குக் கால் மணி. ராக் கிளப்பில் 100 டெசிபெல் சாதாரணம். அதாவது ஒரு நாள் முழுவதற்கும் உரிய அளவை முதல் மூன்று நான்கு பாட்டுகளிலேயே காது வாங்கி முடித்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2022இல் இசை அரங்குகளுக்கு வகுத்த வரம்பும், 15 நிமிடச் சராசரி 100 டெசிபெலைத் தாண்டக் கூடாது என்பதுதான்.

சத்தத்தால் உட்செவியின் மயிர்ச் செல்கள் களைத்துப் போகும்போது இரைச்சல் கேட்கும், பேச்சு மந்தமாகும். பெரும்பாலும் ஓரிரு நாளில் தெளியும். தெளிவதற்குள் மறுபடி அதே சத்தத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் ஒரு கட்டத்தில் மீளாது. இறந்த மயிர்ச் செல்கள் மறுபடி முளைப்பதில்லை. தொடர்ந்து எட்டு இரவு வேண்டாம் என்பது இதனால்தான். இரண்டாம், ஐந்தாம், எட்டாம் இரவுகளைக் குறி வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு நாள் ஓய்வு கிடைக்கும். அந்த இரண்டு நாளும் அலுவலகத்தில் ஹெட்ஃபோனைத் தொடாதீர்கள், அதுவும் கணக்கில் சேரும்.

ஓய்வு மட்டும் போதாது, இயர்பிளக் கட்டாயம். மருந்துக்கடையில் கிடைக்கும் ஃபோம் பஞ்சு வகை பாதுகாப்பு தரும், ஆனால் உயர்ந்த சுரங்களை அதிகமாக விழுங்கிவிடும். கம்பளிக்குள்ளிருந்து கேட்பது போலிருக்கும். 'பிடிக்கவில்லை' என்று பலர் பாதியில் கழற்றி எறிவது இதனால்தான். இசை கேட்பவர்களுக்கென்றே வடிகட்டி வைத்த சிலிகான் வகை இருக்கிறது. எல்லாச் சுரங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைப்பதால் பாட்டு பாட்டாகவே இருக்கும், சத்தம் மட்டும் தணியும். உறையில் போட்டிருக்கும் எண் ஆய்வுக்கூடத்து எண். நம் காதில் அவ்வளவு கிடைக்காது, பாதி என்று வைத்துக்கொள்வது நல்லது. உண்மையில் 12 டெசிபெல் குறைந்தால்கூட 100 என்பது 88 ஆகிவிடும். கால் மணி நேரம் நான்கு மணி நேரமாக நீளும், முழு நிகழ்ச்சிக்கும் போதும்.

போடும் முறையில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். வலது காதுக்கு, இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். காதுக்குழாய் நேராகும். வலது கையால் பிளக்கைச் செருகுங்கள். பஞ்சு வகையென்றால் மெல்லிய திரியாக உருட்டிச் செருகி, விரலால் அரை நிமிடம் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும், அதற்குள் அது விரிந்து அடைத்துக்கொள்ளும். சரியாக உட்கார்ந்திருந்தால் உங்கள் குரலே தலைக்குள் குடத்துக்குள் பேசுவது போல் முழங்கும். முழங்காவிட்டால் எங்கோ காற்று நுழைகிறது, எடுத்து மறுபடி போடுங்கள். டிஷ்யூ தாளைச் சுருட்டி வைப்பதால் பயன் இல்லை. கூடுதலாக ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். இருட்டில் தரையில் விழுந்த பிளக்கைத் தேடி எடுக்கவும் முடியாது, எடுத்தால் காதில் வைக்கவும் கூடாது.

இந்தக் குழுவிடம் ஒரு தனிக் கவனம் வேண்டும். கிசுகிசுப்பது போலப் பாடும் பாட்டு ஒன்று, அடுத்ததிலேயே கப்லான் கிதாரை ஆம்ப்ளிஃபையரோடு மோதவிட்டுப் பத்து நிமிடம் இரைச்சலில் முழுக்குவது, இரண்டும் இவர்கள் இயல்பு. மெல்லிய பாட்டுக்காகப் பிளக்கைக் கழற்றினால் அடுத்த பாட்டின் முதல் அடி வெறும் காதில் விழும். கழற்றாமலே இருங்கள். வடிகட்டி வகையில் மெல்லிய பாட்டும் நன்றாகவே கேட்கும், சுற்றியிருப்பவர்கள் பேசாமல் இருந்தால்.

எங்கே நிற்பது என்பதற்கு வருவோம். முதல் வரிசையில் குரல் கேட்காமல் போனது உங்கள் குறையல்ல. சிறிய அரங்கில் கிதாரும் டிரம்ஸும் மேடையிலிருந்து நேரடியாகவே காதுக்கு வந்துவிடும். குரல் மட்டும் மேடையின் இரு பக்கமும் உள்ள பெரிய ஸ்பீக்கர்கள் வழியாகத்தான் வரும். முன்வரிசை நடுவில் நிற்பவர் அந்த ஸ்பீக்கர்களின் வீச்சுக்கு வெளியே, ஆம்ப்ளிஃபையரின் வாய்க்கு நேரே நிற்கிறார். கிதார் ஆம்பின் கூர்மையான ஒலி டார்ச் வெளிச்சம் போல நேர்க்கோட்டில் பாயும். ஓரடி விலகினாலே வித்தியாசம் தெரியும். ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் நிற்பது அதைவிட மோசம். சுவரோரமும் மூலையும் பேஸ் ஒலி தேங்கும் இடங்கள், எல்லாம் கும்மென்று ஒன்றாகக் குழம்பும்.

ஒலி அமைப்பாளர் தன் மிக்ஸர் மேசைக்கு எட்டுவதைக் கேட்டுத்தான் அளவுகளைச் சரிசெய்கிறார். ஆகவே கீழ்த்தளத்தில் நல்ல இடம் என்றால், அந்த மேசைக்கு முன்னால் சில அடி தூரத்தில் நடுவாக நிற்பதுதான். ஐந்தடி உயரத்துக்கு அங்கிருந்து தெரிவது முன்னால் யார் வந்து நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. உங்களுக்கு நாங்கள் சொல்வது பால்கனி. பவரி பால்ரூமில் மாடியில் கைப்பிடிக் கம்பியை ஒட்டி நின்றால் மூவரின் கைகளும் தெரியும், எதிரே யாரும் வந்து மறைக்க முடியாது. கதவு திறந்ததும் கீழே நிற்காமல் நேரே மாடியேறி விடுங்கள். சில மேசைகள் முன்பதிவு செய்தவர்களுக்கு ஒதுக்கியிருக்கலாம், ஊழியரிடம் கேட்டுக்கொண்டு நில்லுங்கள். மூன்றில் ஒரு இரவாவது கீழே நின்று பாருங்கள். கூட்டத்தோடு சேர்ந்து நிற்பதில் வேறொரு சந்தோஷம் இருக்கிறது.

டிக்கெட். நம் தீபாவளி போல ஹனுக்காவும் சந்திரக் கணக்கில் நகரும். 2026இல் டிசம்பர் 4 வெள்ளி மாலை தொடங்குகிறது. நாங்கள் சொன்ன மூன்று இரவுகள் அந்த ஆண்டில் சனி, செவ்வாய், அடுத்த வெள்ளி என்று விழும். அலுவலகத்துக்கு மறுநாள் சீக்கிரம் எழ வேண்டியது ஒரே ஒரு நாள்தான். ஆனால் குழு தேதிகளை அறிவிக்கும் வரை விடுப்புக்கு எழுதிக் கொடுக்காதீர்கள். குழுவின் மின்னஞ்சல் பட்டியலில் இப்போதே சேர்ந்துவிடுங்கள். டிக்கெட் தளத்தில் கணக்குத் தொடங்கி அட்டை விவரத்தையும் முன்பே பதிந்து வையுங்கள். விற்பனை நாளில் ஒரே சாதனத்தில் ஒரே முறை வரிசையில் நில்லுங்கள், பக்கத்தைப் புதுப்பித்தால் இடம் போகலாம். 2025 மே 12 முதல் அமெரிக்காவில் கட்டணங்கள் எல்லாம் சேர்ந்த மொத்த விலையைத் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும் என்று சட்டம். கடைசித் திரையில் விலை ஏறினால் நீங்கள் இருப்பது சரியான தளமா என்று பாருங்கள்.

விற்றுத் தீர்ந்துவிட்டால் பதறி மறுவிற்பனை செய்பவர்களிடம் இரண்டு மடங்கு கொடுக்க வேண்டாம். அந்த அதிகப்படிப் பணத்தில் ஒரு காசுகூட அறப்பணிக்குப் போகாது. மேடைப் பொருள்கள் அமைந்த பிறகு, ஒதுக்கி வைத்திருந்த சில டிக்கெட்டுகளை நிகழ்ச்சி நாளன்று பிற்பகலில் விற்பனைக்கு விடுவது பல அரங்குகளில் உண்டு. வர முடியாத ரசிகர்களும் அன்றுதான் அதே விலைக்குக் கைமாற்றுவார்கள். ஆப் வழியாக உங்கள் கணக்குக்கு மாற்றித் தந்தால் மட்டும் வாங்குங்கள். ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறேன் என்பவரிடம் வேண்டாம், டிக்கெட்டின் ஸ்கேன் குறியீடு அவ்வப்போது மாறிக்கொண்டே இருக்கும், வாசலில் செல்லாது.

அன்றைய தினம் பசியோடு போகாதீர்கள். நான்கு மணி நேரம் நிற்க வேண்டும். முழங்காலை விறைத்துப் பூட்டியபடி நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கி மயக்கம் வரும். அவ்வப்போது குதிகாலை உயர்த்தி இறக்குங்கள், தண்ணீர் குடியுங்கள். வெளியே உறையும் குளிர், உள்ளே வியர்க்கும். சுருட்டிக் கட்டக்கூடிய மெல்லிய கோட் நல்லது. முதுகுப்பை வேண்டாம், சின்னத் தோள்பை போதும். அடையாள அட்டை அசலாக இருக்க வேண்டும், ஃபோனில் உள்ள படத்தை ஏற்க மாட்டார்கள். டிக்கெட்டில் இரண்டு நேரம் போட்டிருப்பார்கள். கதவு திறக்கும் நேரம்தான் உங்களுடையது, முன்னால் வரும் குழு யாரென்று தெரியாத நிகழ்ச்சிக்குத் தாமதமாகப் போவது பெரிய இழப்பு.

தனியாகப் போவதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. இந்தக் கூட்டத்தில் தனியாக வருகிறவர்கள் நிறைய. முன் நிகழ்ச்சிக்கும் குழுவுக்கும் நடுவே மேடை மாற்றும் இருபது முப்பது நிமிடம்தான் பழகுவதற்கான நேரம். 'இது உங்களுக்கு எத்தனையாவது இரவு?' என்று கேளுங்கள், போதும். ஹோபோகன் நாட்களிலிருந்து வருகிறவர்கள் தாங்களே பேச்சைத் தொடர்வார்கள். உங்கள் ஊரின் டபிள்யூ.எஃப்.எம்.யூ. வானொலியைப் பற்றிக் கேட்டாலும் பேச்சு ஓடும். நேயர்கள் நன்கொடையில் நடக்கும் அந்த நிலையத்துக்காக, பணம் கொடுத்தவர்கள் கேட்ட பாட்டுகளை ஒத்திகையின்றி வாசித்தவர்கள் இவர்கள். விளக்கு அணைந்து பாட்டு தொடங்கியதும் பேச்சை நிறுத்திவிட வேண்டும். பேச வேண்டுமென்றால் அடித்தள பார் இருக்கிறது. மெல்லிய பாட்டின் நடுவே பேசுகிறவர்களைப் போல மற்ற ரசிகர்களை நோகடிப்பவர் யாருமில்லை. முதல் பாட்டில் ஒரு படம் எடுத்துவிட்டு ஃபோனைப் பையில் போடுங்கள். பாட்டுப் பட்டியலைச் சிறு நோட்டில் எழுதுங்கள், தெரியாத பாட்டென்றால் காதில் விழுந்த ஒரு வரியை. யாராவது தொல்லை கொடுத்தால் பாரில் நிற்கும் ஊழியரிடம் உடனே சொல்லுங்கள், அதற்காக நிகழ்ச்சி முடியக் காத்திருக்க வேண்டாம்.

போக வர வழி எளிது. ஆற்றைக் கடக்கும் பாத் (PATH) ரயிலில் உலக வர்த்தக மையம், அங்கிருந்து நடந்து ஃபுல்டன் நிலையம், ஜே சுரங்க ரயிலில் மூன்றாவது நிறுத்தம் பவரி. அரங்கம் பக்கத்திலேயே. திரும்பும்போதும் இதே வழி நல்லது. முப்பத்து மூன்றாம் தெரு பாத் ரயில் பின்னிரவில் ஹோபோகனைச் சுற்றிக்கொண்டு வருவது வழக்கம், நேரம் பிடிக்கும். வார இறுதியில் தண்டவாள வேலை நடக்கும், புறப்படும் முன் ஆப்பில் பாருங்கள். ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் கடைசிப் பாட்டுகளை விட்டுவிடாதீர்கள். எட்டாம் இரவின் முடிவில் கப்லானின் தாயார் மேடையேறிப் பாடுவது பல ஆண்டு வழக்கமாக இருந்தது. ஒப்படைத்த கோட்டைத் திரும்ப வாங்க ஓடியவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் மறுநாள் காலை, வீடு அமைதியாக இருக்கும்போது இரண்டு நிமிடம் உட்கார்ந்து கேளுங்கள். இரைச்சல் இல்லையென்றால் அடுத்த இரவுக்குப் போகலாம். இருந்தால், பிளக் சரியாக உட்காரவில்லை என்று பொருள். முழுவதும் தெளியும் வரை போக வேண்டாம், கையிலுள்ள டிக்கெட்டை வாங்கிய விலைக்கே இன்னொரு ரசிகருக்கு மாற்றிக் கொடுங்கள். ஒரு நாளைத் தாண்டியும் நிற்காவிட்டாலோ, ஒரு காது மட்டும் திடீரென்று மந்தமானாலோ, அன்றே காது மருத்துவரைப் பாருங்கள். திடீர்ச் செவித்திறன் குறைவுக்கு மருந்து தொடங்குவதில் நாட்கள் தள்ளக் கூடாது.